விமானம் எப்போது மறையும்?

பணம் கட்டி ஆடும் சீட்டாட்டம் இணையத்துக்கு வந்த புதிது. தாங்கள் நேர்மையாகத்தான் சீட்டைக் கலைக்கிறோம் என்று காட்ட, 'பிளானட் போக்கர்' தளத்தில் சீட்டுக் கலைக்கும் நிரலையே எல்லாரும் பார்க்கும்படி போட்டிருந்தார்கள். 1999-ல் அமெரிக்க மென்பொருள் வல்லுநர்கள் சிலர் அதைப் படித்துப் பார்த்தபோது ஓட்டை தெரிந்துவிட்டது.

52 சீட்டுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்பதை எழுதினால் 68 இலக்க எண் வரும். அந்த நிரலோ, நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆகியிருக்கிறது என்பதை வைத்தே கலைத்தது. ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லிசெகண்ட்தான். சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தையும் பொருத்தியதும் அது சுமார் 2 லட்சமாகச் சுருங்கியது. கையில் 2 சீட்டு, மேசையில் 3 சீட்டு தெரிந்தால் போதும். எதிராளிகளின் சீட்டும் இனி வரப்போகும் சீட்டும் திரையில் வந்து நின்றன.

கணிப்பு பலித்த அபூர்வமான சம்பவம் இது. பலிக்க வைத்தது நிரலில் இருந்த பிழை. ராசியோ உள்ளுணர்வோ அதில் துளியும் இல்லை.

இன்றைய 'ஏவியேட்டர்' போன்ற விமான ஆட்டங்களில் ஏற்பாடு வேறு. திரையில் விமானம் ஏறஏற, கட்டிய பணத்தைப் பெருக்கும் எண்ணும் ஏறும்; விமானம் மறையும் முன் பணத்தை எடுத்துவிட வேண்டும். சுற்று தொடங்கும் முன்பே சர்வர் ஒரு ரகசியக் குறியை முடிவுசெய்து, அதிலிருந்து கிடைக்கும் 'ஹாஷ்' என்ற முத்திரையை மட்டும் வெளியே காட்டிவிடுகிறது. ஆட்டக்காரர்கள் தரப்புக் குறிகளும் அதோடு சேர்ந்துதான் விமானம் எப்போது மறையும் என்பது முடிவாகிறது. சுற்று முடிந்ததும் ரகசியம் வெளியாகும். கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுச் சரிபார்க்கலாம். இடையில் ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் முத்திரை அடியோடு மாறி, காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் முத்திரையை வைத்து ரகசியத்தைக் கண்டுபிடிக்க நடைமுறையில் வழியே கிடையாது.

அப்படியிருக்க, டெலிகிராமில் விற்கும் 'பிரெடிக்டர்' என்ற கணிப்புச் செயலிக்கு மட்டும் அடுத்த எண் எப்படித் தெரியும்? தெரியாது. பலித்த எண்ணைப் படம்பிடித்துப் போடுகிறார்கள். பலிக்காதவை கண்ணில் படுவதில்லை.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு என்ற பழைய உத்தியும் கவிழ்த்துவிடும். 37 எண் ரூலெட்டில் சிவப்பின் மேல் 100 ரூபாயில் தொடங்கி 10 முறை தொடர்ந்து தோற்றால், போனது 1,02,300 ரூபாய். பதினோராவது ஆட்டத்துக்கு 1,02,400 கட்ட வேண்டும். ஜெயித்தாலும் லாபம் வெறும் 100! சுமார் 780 முயற்சிகளில் ஒன்று இப்படித்தான் முடியும்.

ஆட்டம் நேர்மையாக நடந்தாலும் பணம் தேய்வது நிற்காது. ஏவியேட்டரில் 100 ரூபாய்க்குச் சராசரியாக 97 ரூபாய் திரும்பும் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். அந்த 97-ஐ மறுபடி கட்டினால் 94. ஆடஆடக் கரையும்.

இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை இந்தியா முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கணிப்புச் செயலிக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள்.