கதவுக் கைப்பிடி

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் திருமானூர். தெற்கே பாலத்தைக் கடந்தால் திருவையாறு. வடக்கே சென்றால் கீழப்பழுவூர், அதனை அடுத்து அரியலூர். ஆற்றங்கரை வயல்களில் விளையும் நெல்லும் கரும்பும் இவ்வழியாகவே வெளியூர்களுக்குச் செல்கின்றன. ஒரு காலத்தில் மாட்டு வண்டிகள் இழுத்த சுமையில் பெரும்பகுதியை இன்று சிறு சரக்கு உந்துகள் சுமக்கின்றன. முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த தொட்டியும் உடைய இவ்வண்டியை மக்கள் 'பிக்கப்' என்றே வழங்குவர். டாட்டா நிறுவனம் தன் முதல் பிக்கப்பை 1988-இல் வெளியிட்டது. அதன் பின்னர் வந்த பல வகை வண்டிகளுள் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவற்றையும் ஊர்ப்புறச் சாலைகளில் இன்றும் காணலாம்.

இப்பகுதியில் ஓடும் வண்டிகளுக்குப் பகை ஒன்று உண்டு, அது புழுதி. அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் நிறைந்த நிலம். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலம் கடலுக்கு அடியில் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் கல்லுருவங்கள் இங்கே மண்ணுக்குள் கிடைக்கின்றன. அக்கல்லைக் கொண்டு சிமெண்டு செய்யும் ஆலைகள் பல இங்கே எழுந்தன. கல் ஏற்றிய லாரிகள் செல்லும் சாலைகளில் வெண்மையான நுண்துகள் பறந்து, வண்டியின் இண்டு இடுக்குகளில் எல்லாம் படிகின்றது. கதவின் விளிம்பில் உள்ள சிறு துளை வழியாகவும் அது உள்ளே நுழைகின்றது. அங்கே பூசப்பட்டிருந்த கிரீஸுடன் கலந்து, நாளடைவில் களிம்புபோல இறுகிவிடுகின்றது.

ஒரு நாள் விடியற்காலையில் ஓட்டுநர் வண்டியின் கதவைத் திறக்கக் கைப்பிடியை இழுக்கின்றார். 'படக்' என்ற ஓசை கேட்கின்றது. கைப்பிடி கையோடு வந்துவிடுகின்றது, கதவோ திறக்கவில்லை. அன்று முதல் அவர் இடப்புறக் கதவு வழியாக ஏறி, இருக்கைகளின்மேல் ஊர்ந்து தம் இடத்தை அடைகின்றார். சிலர் கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்து, வெளியிலிருந்து கையை உள்ளே விட்டு உட்கைப்பிடியை இழுத்துத் திறப்பர். வேறு சிலர் உள்ளிருக்கும் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி வெளியே தொங்க விடுவர். இவ்வாறு மாதக் கணக்கில் காலம் கடத்தப்படும் வண்டிகள் உண்டு. கைப்பிடிதானே என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

உண்மையில் கைப்பிடி என்பது கண்ணுக்குத் தெரியும் ஒரு முனை மட்டுமே. அதன் மறுமுனை கதவின் இரும்புத் தகடுகளுக்கு இடையே மறைந்துள்ளது. கதவின் விளிம்பில் பதிக்கப்பட்டிருக்கும் தாழே அம்மறுமுனை. பட்டறைகளில் இதனை 'லாக்' என்பர். தாழுக்குள் இரு முக்கிய உறுப்புகள் உள்ளன. ஒன்று, மரக்கிளையின் கவைபோல இரண்டாகப் பிளந்த இரும்புத் துண்டு. மற்றொன்று, அதனைத் தடுத்து நிறுத்தும் சிறு நாக்கு. கதவைச் சாத்தும்போது, கதவு நிலையில் உள்ள இரும்புக் கொண்டி கவையின் பிளவுக்குள் புகுந்து அதனைச் சுழற்றுகின்றது. சுழன்ற கவை திரும்பி வராதபடி நாக்கு அதன் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்கின்றது. கவையில் இத்தகைய பற்கள் இரண்டு. முதற்பல்லில் நாக்கு விழுந்தால் கதவு அரைகுறையாகச் சாத்தியிருக்கும். இரண்டாவதில் விழுந்தால் முழுவதும் சாத்தியிருக்கும். கதவைச் சரியாகச் சாத்தாதபோதும் அது உடனே திறந்துகொள்ளாமல் இருப்பது அந்த முதற்பல்லினாலேயே ஆகும்.

கதவைத் திறப்பது என்றால் நாக்கைப் பல்லிலிருந்து விலக்குவது என்பதே பொருள். கைப்பிடியை இழுத்ததும் அதன் உட்புறத்தில் உள்ள சிறு விரல் அசைந்து ஒரு கம்பியைத் தள்ளுகின்றது, அல்லது இழுக்கின்றது. கம்பி தாழின் நெம்புகோலை அசைக்கின்றது. நெம்புகோல் நாக்கை விலக்க, சுருள்வில்லின் விசையால் கவை திரும்பிக் கொண்டியை விட்டுவிடுகின்றது. உட்கைப்பிடிக்கும் சாவிக்கும் தனித்தனிக் கம்பிகள் உண்டு. இத்தனையும் ஒரு நொடிக்குள் நடந்து முடிகின்றன!

அப்படியானால் கைப்பிடி ஏன் உடைகின்றது? ஓட்டுநரின் முரட்டுக் கையே காரணம் என்று பலர் கருதுவர். அஃது அவ்வளவு சரியன்று. கைப்பிடியும் ஒரு நெம்புகோலே. விரல்கள் பற்றும் இடம் அதன் சுழலும் அச்சிலிருந்து 6 சென்டிமீட்டர் தொலைவிலும், கம்பியைத் தள்ளும் விரல் 2 சென்டிமீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். அப்போது கையின் விசை கம்பியில் மும்மடங்காகின்றது. நன்றாக இயங்கும் தாழுக்கு ஒரு சிறு இழுப்பே போதும். புழுதியும் துருவும் சேர்ந்து தாழை இறுக்கிவிட்டாலோ, கை முன்னிலும் பலமாக இழுக்கின்றது. கையின் விசை நான்கு மடங்கானால் கம்பியின் விசையும் நான்கு மடங்காகும். அவ்வளவு சுமையையும் தாங்க வேண்டியது, அச்சு ஊசி செருகப்பட்டிருக்கும் மெல்லிய காதுகள் அல்லவா? வெயிலில் காய்ந்து வலுவிழந்த பிளாஸ்டிக் காது ஒரு நாள் முறிகின்றது. ஆகவே, முறிந்தது கைப்பிடி, முறித்தது தாழ். இதனை உணராமல் கைப்பிடியை மட்டும் மாற்றினால், புதியதும் விரைவில் பழையதன் வழியே செல்லும்.

முறிந்ததை ஒட்டவைக்க முடியாதா என்ற கேள்வி எழலாம். முந்திய காலத்துக் கைப்பிடிகள் பல துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்யப்பட்டவை. பளபளப்பான பூச்சினால் அவை எஃகுபோலத் தோன்றும். ஆயினும் எஃகு அல்ல. துத்தநாகம் ஏறத்தாழ 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரும்பை ஒட்டும் வெல்டிங் பொறியின் வெப்பமோ அதனைப் போலப் பல மடங்கு. அவ்வெப்பம் பட்ட மாத்திரத்தில் காது மெழுகாக ஒழுகிவிடும். பசையோ, சில நாட்கள் தாங்கிப் பின் கைவிட்டுவிடும். மாற்றுவதே வழி.

காலம் கடத்துவது தகாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. விபத்து நேர்ந்தால், உள்ளே மயங்கிக் கிடப்பவரை வெளியில் உள்ளவர்களே கதவைத் திறந்து மீட்க வேண்டும். கைப்பிடி இல்லாத கதவை அவர்கள் எவ்வாறு திறப்பர்? கயிறு கட்டிய கதவில் இடர் நேர்மாறானது. கயிறு எதிலேனும் சிக்கினால் ஓடும் வண்டியிலேயே கதவு திறந்துகொள்ளும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1950-களில் கார் விபத்துகளை ஆராய்ந்தபோது, மோதலில் கதவு திறந்து வெளியே எறியப்படுவோர் உயிரிழக்கும் வாய்ப்பு மிகுதி எனக் கண்டனர். அதன் பயனாக, 1956-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் எளிதில் பிரியாத தாழ்களைச் சில நிறுவனங்கள் பொருத்தின. 1968 முதல் கதவுத் தாழ்களின் வலிமைக்கு அந்நாட்டில் சட்டமே வகுக்கப்பட்டது.

இனி, கைப்பிடியை மாற்றும் முறையைக் காணலாம். முதலில் வேண்டுவது பொருத்தமான உறுப்பு. வண்டியின் பெயர் மட்டும் அறிந்தால் போதாது. அது செய்யப்பட்ட ஆண்டும், வலமா இடமா என்பதும் தெரிய வேண்டும். இரு புறக் கைப்பிடிகளும் கண்ணாடியில் தெரியும் உருவம்போல ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. முறிந்த கைப்பிடியையே கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவது நன்று. மிகப் பழைய வண்டியாயின் புதிய உறுப்பு கிடைப்பது அரிது. பழைய உந்து உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் அத்தகையவை கிடைக்கும்.

வேலையைத் தொடங்கும்முன் கண்ணாடியை முழுவதும் மேலேற்றிவிட வேண்டும். அப்போதுதான் கதவுக்குள் கை நுழைய இடம் இருக்கும். உள்ளிருந்து கதவைத் திறந்து வைத்து, உட்புற அட்டையைக் கழற்ற வேண்டும். அதற்குத் தடையாக இருப்பது கண்ணாடியை ஏற்றி இறக்கும் சுழல்பிடி. அதைப் பிடித்திருக்கும் திருகாணி சில வண்டிகளில் வெளியே தெரியும். வேறு சிலவற்றில் குதிரை லாட வடிவான ஒரு கம்பிக் கிளிப் அதன் பின்னே ஒளிந்திருக்கும். இதனை அறியாதவர் நெம்பி நெம்பிப் பிடியையே உடைத்துவிடுவர். அனுபவமுள்ள மெக்கானிக்கோ ஒரு துணி நாடாவைப் பிடிக்கும் அட்டைக்கும் நடுவே செருகி, இரு முனைகளையும் பற்றி இப்படியும் அப்படியுமாக இழுப்பார். துணியில் சிக்கிய கிளிப் துள்ளி வெளியே வரும். அது எங்கே விழுகின்றது என்று பார்த்துக்கொள்ள ஒருவர் அருகில் இருந்தால் நல்லது!

அட்டையை எடுத்ததும் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். பயனற்றது என்று சிலர் இதனைக் கிழித்தெறிவர். அது பெரும் பிழை. கண்ணாடியின் வெளிப்புறமாக வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடிப்புறத் துளைகள் வழியே வெளியேறுகின்றது. அந்நீர் அட்டையை நனைத்து வண்டிக்குள் புகாமல் காப்பது இத்தாளே. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதன் அருமை தெரியும். மெல்ல உரித்துவைத்து, வேலை முடிந்ததும் முன்போலவே ஒட்ட வேண்டும்.

இப்போது கை உள்ளே செல்லலாம். தகட்டின் விளிம்புகள் கத்திபோலக் கூரியவை. மணிக்கட்டில் துணி சுற்றிக்கொள்ளுதல் வேண்டும். கைப்பிடியின் விரலையும் கம்பியையும் இணைக்கும் சிறு பிளாஸ்டிக் கிளிப்பைத் திருப்பி விடுவித்தால் கம்பி பிரியும். பிறகு கைப்பிடியைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் இவை இரண்டே. பத்து-பதினொன்று ஸ்பேனர் பெரும்பாலும் பொருந்தும். சாவித்துளை கைப்பிடியிலேயே அமைந்த வண்டியானால், பழையதில் உள்ள பூட்டுக் குழலைக் கழற்றிப் புதியதில் பொருத்திக்கொள்ளலாம். ஒரு வண்டிக்கு இரண்டு சாவி சுமக்கும் தொல்லை நேராது.

புதிய கைப்பிடியைப் பொருத்துமுன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. தாழில் இறுகிய அழுக்கை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவித் துடைக்க வேண்டும். கவையும் நாக்கும் தடையின்றி அசையும் வரை இயக்கிப் பார்த்து, அதன் பின்னரே சிறிதளவு புதிய கிரீஸ் இட வேண்டும். மிகுதியாக இட்டால் அது புழுதியையே மேலும் ஈர்க்கும். கதவின் அடிப்புறத் துளைகளையும் ஒரு கம்பியால் குத்தி அடைப்பு நீக்கிவிட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிப்பது குறையும்.

கைப்பிடியைப் பொருத்திக் கம்பியை மாட்டியதும் அதன் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். பல வண்டிகளில் கம்பியின் முனையில் மரை இருக்கும். அதனைத் திருகி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தளர்ந்திருந்தால் கைப்பிடியை முழுவதும் இழுத்தும் நாக்கு விலகாது. இறுகியிருந்தால் நாக்கு பல்லில் முழுமையாக விழாது; பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது கதவு திறந்துகொள்ளும். இரண்டனுள் பின்னதே கொடியது.

இந்நிலையில் ஆவல் மிகுந்து கதவை அடித்துச் சாத்துவோர் உண்டு. கம்பிகள் சரியாக மாட்டப்படாதிருந்தால் கதவு உள்ளும் புறமும் திறக்க இயலாமல் அடைத்துக்கொள்ளும். கதவைத் திறந்து வைத்தபடியே, திருப்புளியின் முனையால் கவையைச் சுழற்ற வேண்டும். 'டக், டக்' என்று இரு முறை ஓசை கேட்கும், தாழ் பூட்டிக்கொண்டது. இப்போது புதிய கைப்பிடியை இழுத்தால் கவை துள்ளித் திரும்ப வேண்டும். மீண்டும் பூட்டி, உட்கைப்பிடியால் ஒரு முறை, சாவியையும் சேர்த்து ஒரு முறை எனப் பல தடவை சோதித்த பிறகே அந்தக் கதவைச் சாத்தலாம்.