லாரி எங்கே திறக்கிறது?

திருச்சியில் செப்டிக் டேங்க் லாரிகள் மாநகராட்சி குறித்துக் கொடுத்த கழிவுநீரேற்று நிலையங்களில் கசடைக் கொட்டலாம். அது பாதாளச் சாக்கடைக் குழாய் வழியே பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையம் போய்ச் சேரும். அதே கசடை இரவில் ஒரு தெருவோர மேன்ஹோல் மூடியைத் தூக்கிக் கொட்டினால் சட்டப்படி தவறு. குழாய் ஒன்றுதானே, எங்கே கொட்டினால் என்ன என்று லாரிக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும்.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். வீட்டுச் சாக்கடை நீரைச் செரிக்க நுண்ணுயிர்களுக்கு லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும். வருடக்கணக்கில் தொட்டியில் ஊறிய கசடுக்கோ சில ஆயிரம் மில்லிகிராம் தேவைப்படும். 5,000 என்றே வைத்துக்கொள்வோம். 6,000 லிட்டர் லாரி ஒன்று இறக்கும் சுமை, 1,20,000 லிட்டர் சாக்கடை நீரின் சுமைக்குச் சமம். நாலைந்து லாரிகள் ஒரே நேரத்தில் வந்து திறந்துவிட்டால் நிலையத்தின் நுண்ணுயிர்கள் திணறிப்போகும்.

குழாயின் கதை இன்னும் மோசம். மணலும் துணியும் படியாமல் ஓட, நீர் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது போக வேண்டும். ஊர் தூங்கும் நேரத்தில் குழாயில் நீரே குறைவு. திருட்டுத்தனமாகக் கொட்டுபவர்கள் தேர்ந்தெடுப்பதும் அந்த நேரத்தைத்தான். அடைத்துக்கொண்ட பிறகு, மனிதரைக் கொண்டு கழிவு அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும், யாரையாவது குழிக்குள் இறக்கப் பார்ப்பார்கள்.

நீரேற்று நிலையத்தில் சல்லடைக் கம்பியும் மணல் தொட்டியும் இருந்தால் குப்பை அங்கேயே நின்றுவிடும். காலையில் நீர்வரத்து பெருகும்போது இடைவெளிவிட்டு லாரிகளை அனுமதித்தால் கசடும் நீர்த்துப்போகும். இவை இல்லாமல் வெறும் குழியைக் காட்டி ‘இங்கே கொட்டு’ என்பது மேன்ஹோலை அனுமதியோடு திறப்பதுதான்.

கசடைக் கையாள்வதற்குத் தமிழக அரசு 2014-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2022-இல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்தி லாரிகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அபராதம் தேவைதான். ஆனால் நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் லாரிக்காரருக்கு டீசலும் நேரமும்தான் கணக்கு. கொட்டும் இடம் இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்து, ஏரி இரண்டு கிலோமீட்டரில் இருந்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? ஊருக்குள்ளிருக்கும் நீரேற்று நிலையங்களைத் திறந்துவிட்ட திருச்சியின் வழி எனக்குச் சரியாகப் படுவது இதனால்தான்.

பாதாளச் சாக்கடையே இல்லாத ஊர்களுக்குக் கருங்குழி பேரூராட்சியில் அமைத்ததுபோலக் கசடுக்கென்றே தனி நிலையம் வேண்டும். நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளின் லாரிகளுக்கும் நகரத்து நிலையம்தான் பக்கம். அந்தச் சுமைக்கான செலவில் ஊராட்சியின் பங்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால், வாசலில் லாரியை நிறுத்தித் திருப்பி அனுப்புவார்கள். அது நேரே ஏரிக்குப் போகும்.