மஞ்சக்குப்பத்தில் ஒரு மான நஷ்ட வழக்கு

பேச்சிலும் எழுத்திலும் வல்லவர்கள் நியாயஸ்தலத்திலும் வல்லவர்களாகவே இருப்பார்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். மேடையில் ஆயிரம் பேரை மெய்ம்மறக்கச் செய்பவர், பிரசுரத்தில் எதிரியின் வாதத்தைத் துண்டு துண்டாக்குபவர், சாட்சிக் கூண்டில் மட்டும் தடுமாறிவிடுவாரா என்று கேட்கிறோம். சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. மேடையில் கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. கூண்டிலோ கேள்வி பிறருடையது. பதில் மட்டுமே அவருடையது. இந்த வித்தியாசத்தை மறந்து, தாமே வாதியாகப் படியேறித் துன்பத்தை விலை கொடுத்து வாங்கிய பெரியோர் சிலர் உண்டு. அவர்களில் ஒருவருடைய கதை நம் தென்னாற்காட்டு மண்ணிலேயே, சிதம்பரத்தில் தொடங்கிக் கடலூரில் முடிந்தது.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரை அறியாத தமிழர் இல்லை. அச்சு யந்திரத்தின் ஆற்றலைத் தமிழருள் முதன்முதலில் நன்குணர்ந்தவர்களுள் அவர் ஒருவர். 1849-ஆம் ஆண்டிலேயே வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். பிள்ளைகளுக்குப் பாலபாடம், வசன நடையில் பெரிய புராணம், பரிமேலழகர் உரையுடன் திருக்குறள் என்று நூல்கள் வெளிவந்தன. அவற்றுக்கிடையே கண்டனப் பிரசுரங்களும் வெளிவந்தன. 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நாடறிந்த பத்திரிகாசிரியருக்குப் பிற்காலத்தில் வாய்த்த செல்வாக்கு, தினசரிகள் பெருகாத அந்தக் காலத்தில் அவருக்கு இருந்தது.

எதிர்த் தரப்பில் நின்றவரும் சாமானியர் அல்லர். சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் 1823-இல் பிறந்து, வடலூரில் பசித்தவர்க்கெல்லாம் சோறிடும் தரும சாலையை 1867-இல் தொடங்கிய இராமலிங்க அடிகள். அதே ஆண்டில் அவருடைய பாடல்களை அன்பர் தொழுவூர் வேலாயுத முதலியார் 'திருவருட்பா' என்று பெயரிட்டு, திருமுறைகளாக வகுத்து வெளியிட்டார். பூசல் இங்கேதான் முளைத்தது. அருட்பா என்ற பெயர் தேவார திருவாசகங்களுக்கே உரியது. நம் காலத்து மனிதர் ஒருவரின் பாடலை அவ்விதம் அழைக்கலாகாது என்பது நாவலர் கட்சி. உள்ளத்தை உருக்கும் பாடல் எக்காலத்தில் பிறந்தாலும் அருட்பாவே என்பது அடிகளின் அன்பர்கள் கட்சி. இரு புறமும் கண்டனமும் மறுப்பும் பறந்தன. சைவ ஆகம முறை பற்றித் தில்லைத் தீட்சிதர்களுடனும் நாவலருக்குப் பிணக்கு இருந்தது. ஆகவே அவருக்கு எதிராக இரண்டு அணிகள் ஓரணியாயின.

1869-ஆம் ஆண்டு ஆனி உத்திர நாளில் சிதம்பரம் கோயிலில் ஒரு கூட்டம் கூடிற்று. அங்கே தம்மை இகழ்ந்து பேசினார்கள் என்று நாவலர் கேள்வியுற்றார். அதுவரை பேனாவினால் போராடி வந்தவர் இப்போது பிராது மனுவைக் கையில் எடுத்தார். கடலூரைச் சேர்ந்த மஞ்சக்குப்பம் நியாயஸ்தலத்தில் வழக்குத் தொடுத்தார். தீட்சிதர்களோடு அடிகளும் பிரதிவாதியானார். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் இடையே ஏறக்குறைய முப்பது மைல். ரயில் வராத காலம்.

அன்று அங்கே நடந்ததாக வடலூர் அன்பர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதையை நேயர்கள் கேட்டிருக்கலாம். அடிகள் தும்பைப்பூப் போன்ற வெள்ளாடையில் உள்ளே நுழைந்தாராம். சபையில் இருந்தோர் தம்மையறியாமல் எழுந்து நின்றார்களாம். வாதியாகிய நாவலரும் எழுந்தாராம்! "பிரதிவாதியைக் கண்டு நீர் ஏன் எழுந்தீர்?" என்று நீதிபதி வினவ, "பெரியோர் வரும்போது எழுவது எங்கள் வழக்கம்" என்று நாவலர் விடை பகர்ந்தாராம். "நீரே பெரியவர் என்று மதிக்கும் ஒருவர் உம்மை அவதூறு செய்திருப்பாரா?" என்று கேட்டு நீதிபதி வழக்கைத் தள்ளினாராம்.

இந்தக் கதை அன்பின் வழியே வளர்ந்தது. நாவலர் பக்கத்தார் எழுதி வைத்த வரலாறு இத்தனை சுவையுடையதன்று. அதன்படி, சபாநடேச தீட்சிதருக்கு ஐம்பது ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இகழ்ந்து பேசவில்லை என்று சொன்ன அடிகள் தண்டனையின்றி விடப்பட்டார். ஒரு தரப்பார் வெற்றி என்றும், மறு தரப்பார் தோல்வி என்றும் கூறுவது ஒரே வழக்கைத்தான்.

எதை எடுத்துக்கொண்டாலும் நாவலருக்குக் கிடைத்தது என்ன? கதையை நம்பினால், அவருடைய நா ஒரு சாட்சியம் சொல்ல, கால்கள் வேறு சாட்சியம் சொல்லிவிட்டன. பதிவை நம்பினால், ஐம்பது ரூபாய் அபராதம். அதுவும் வாதியின் கைக்கு வருவதன்று, சர்க்கார் கஜானாவுக்குப் போவது.

பிசகு எங்கே என்று பார்த்தால் இரண்டு இடங்களில் தென்படுகிறது. மெய்யான சண்டை, எது அருட்பா என்பதைப் பற்றியது. அதைத் தீர்க்க எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. ஆகவே யார், எந்தச் சொல்லை, யார் முன்னிலையில் சொன்னார் என்ற சில்லறைக் கேள்வியாக அதைச் சுருக்கவேண்டி வந்தது. சமயத் தத்துவம் வாசலிலேயே நின்றுவிட்டது. வசைச் சொல் மட்டுமே உள்ளே போயிற்று. இரண்டாவது பிசகு, எதிரிகளைத் தரம் பிரிக்காமல் ஒரே பிராதில் பிணைத்தது. வாய் தவறியவருக்கு அபராதம் கிடைத்தது. ஆனால் தண்டனையின்றி வெளிவந்த அடிகளின் புகழ் முன்னிலும் ஓங்கிற்று. தீர்ப்பினால் பூசலும் அடங்கவில்லை. அடிகளும் நாவலரும் மறைந்த பின்னர், இருபதாம் நூற்றாண்டிலும், கதிரைவேற் பிள்ளை ஒரு புறமும் செய்குத்தம்பிப் பாவலர் மறு புறமும் நின்று அதை வளர்த்தார்கள்.

இந்த விபத்து தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1895-இல் லண்டன் மாநகரில் ஆஸ்கார் ஒயில்டு என்ற நாடகாசிரியர், முன்னர் ஒரு மாதர் பத்திரிகைக்கும் ஆசிரியராயிருந்தவர், குவீன்ஸ்பரி பிரபுவின்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். பிரபுவின் வக்கீல் எட்வர்டு கார்ஸன், ஒயில்டுடன் டப்ளின் கல்லூரியில் படித்தவர். வயது முப்பத்தொன்பது என்று ஒயில்டு சொல்லியிருந்தார். நாற்பது கடந்துவிட்டது என்று கார்ஸன் முதலிலேயே காட்டினார். பிறகு ஒரு வேலைக்கார இளைஞனைப் பற்றிக் கேள்வி வந்தது. 'இல்லை' என்ற ஒரே சொல்லில் நிறுத்தியிருக்கலாம். அவன் அழகற்றவன் என்று ஒரு வேடிக்கையையும் சேர்த்தார் ஒயில்டு. அந்த வேடிக்கையைப் பிடித்துக்கொண்டு கார்ஸன் துளைத்த துளைப்பில் சொல்லின் செல்வர் சொல்லிழந்தார். மூன்றாம் நாள் வழக்கைக் கைவிட்டார். அன்று மாலையே கைதானார். மே மாதத்தில் இரண்டு வருஷக் கடுங்காவல் பெற்றார்.

அதே கார்ஸனை நம் நாட்டார் ஒருவரும் எதிர்ப்பட நேர்ந்தது. அவர் 'கேசரி' ஆசிரியர் லோகமான்ய பால கங்காதர திலகர். வாலண்டைன் சிரோல் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் தம் புத்தகத்தில் அவரைப் பழித்து எழுதியிருந்தார். கப்பலேறிச் சென்று லண்டனில் அவர்மீது வழக்காடினார் திலகர். 1919-ஆம் வருஷத் தொடக்கத்தில் விசாரணை நடந்தது. வாதியின் மானமே வழக்கின் பொருளாகையால், வாதியின் வாழ்க்கை முழுவதும் மேஜைமீது விரிக்கப்பட்டது. பழைய 'கேசரி' கட்டுரைகளையும் பழைய ராஜத் துவேஷத் தண்டனைகளையும் எடுத்து வைத்துக் கார்ஸன் குறுக்கு விசாரணை செய்தார். ஆங்கில ஜூரிகள் சிரோல் பக்கம் தீர்ப்பளித்தார்கள். செலவுச் சுமை திலகர் தலைமேல் விழ, தேசத்தார் நிதி திரட்டி அதைத் தாங்கினார்கள்.

ஆனால் அதே திலகர் 1908-இல் பம்பாய் ஹைக்கோர்ட்டில் குற்றவாளியாக நின்று, தம் வழக்கைத் தாமே வாதாடி, ஆறு வருஷத் தண்டனை பெற்று மாண்டலே சிறைக்குச் சென்றபோது, தேசம் முழுவதும் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிற்று. குற்றவாளிக் கூண்டில் அவர் தோற்றும் வென்றார்; வாதியின் இடத்தில் பணமும் காலமும் இழந்தார். முதலாவதில் அவர் காத்தது தம் கொள்கையை. இரண்டாவதில் காக்க முயன்றது தம் பெயரை.

அவதூறு செய்பவரைச் சும்மா விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. மானம் பெரிதுதான். ஆயினும் மான நஷ்ட வழக்கில் முதலில் விசாரிக்கப்படுபவர் வாதியே என்பதைப் படியேறுமுன் ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம். எதிரி சொன்னது ஒரு சொல்; அதை மறுக்கப் போனவரோ தம் ஆயுட்காலச் சொற்கள் அனைத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

நாவலரின் பெருமையை மஞ்சக்குப்பம் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர் பதிப்பித்த நூல்களும் எழுதிய வசனமும் அதைக் காத்து நிற்கின்றன. வடலூரில் அடிகள் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. இருவரையும் ஒருங்கே போற்றும் தமிழர், ஐம்பது ரூபாய் அபராதத்தை யார் கட்டினார் என்று கேட்பதில்லை.