பல் வைத்தியரின் நாற்காலியும் நமது பயமும்

புயலுக்கும் இடிக்கும் அஞ்சாதவர்கள்கூடப் பல் வைத்தியரின் நாற்காலியைக் கண்டதும் வெலவெலத்துப் போவதை நாம் கண்டிருக்கிறோம். கராம்பு எண்ணெயை வைத்து வலியை அடக்கி, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, ஈற்றில் பல்லையே இழந்து நிற்போர் எத்தனை பேர்!

இழந்த பல்லுக்கு ஈடாகத் தாடை என்பில் தைத்தானியம் என்னும் உலோகத்தாலான சிறு திருகாணியைப் பதித்து, அதன்மேற் செயற்கைப் பல்லைப் பொருத்தும் முறையொன்றுண்டு. சுவீடன் தேசத்துப் பேராசிரியர் பிறோனமார்க் 1965ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக ஒரு நோயாளருக்குச் செய்தார். “என்பிலே துளையிடுவதா!” என்று நேயர்கள் திடுக்கிடலாம்.

நோவு வேறு, அச்சம் வேறு. நோவைத் தடுப்பது முரசில் ஏற்றப்படும் விறைப்பு ஊசி. அது சரியாக ஏறிவிட்டால் அழுத்தமும் அதிர்வுமே தெரியும். ஆனால், அவ்வூசி மனத்தை விறைக்கச் செய்வதில்லையே! கருவியின் இரைச்சல் கேட்டதும் நெஞ்சு படபடக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. அதைத் தணிப்பதற்கே அமைதியூட்டும் மருந்துகள்.

அவற்றுள் மென்மையானது சிரிப்பு வாயு. 1844ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில், இவ்வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் நோவறியாதிருந்ததை ஹொறஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் ஒரு காட்சியிற் கண்டார். மறுநாளே அவ்வாயுவை முகர்ந்து தமது பல்லொன்றைப் பிடுங்குவித்தார்! இக்காலத்தில் ஒட்சிசனுடன் கலந்து மூக்குக் கவசத்தினூடாக அதனைக் கொடுக்கின்றனர். நிறுத்திய சில நிமிடங்களில் மயக்கம் தெளியும்.

மாத்திரையும் உண்டு, எனினும், விழுங்கியபின் அதன் அளவைக் குறைக்க இயலாது. நாளத்தினூடாக மிடசோலாம் என்னும் மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றும்போது அளவைக் கவனித்து நடத்தலாம். நோயாளர் உறங்கியவர்போற் கிடந்தாலும், அழைத்தால் விடையளிப்பார். பின்னர் நடந்தவற்றிற் பெரும்பகுதி நினைவிலிராது. இந்த மறதியே பெரிய கொடை என்பது எமது எண்ணம். விரலிற் பொருத்திய கருவி இரத்தத்திலுள்ள ஒட்சிசனின் அளவைக் காட்டிக்கொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் மறைக்கலாகாது. உட்கொள்ளும் மருந்துகள், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், கர்ப்பம், மதுப்பழக்கம் யாவற்றையும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிடவேண்டும். மனைவி அருகில் இருக்கிறாளே என்று போத்தலின் கதையை விழுங்கிவிடும் கணவன்மார் உளர்! மதுவும் இம்மருந்தும் உடலிற் சேர்ந்தால் மூச்சே தளரக்கூடும்.

மாத்திரையோ நாளத்து மருந்தோ பெற்றவரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஒருவர் கூடவே வரவேண்டும். அன்றைக்கு வாகனமும் வேண்டாம், அடுப்படியும் வேண்டாம். காணி உறுதியிற் கையொப்பமும் வேண்டாம்.