மேலை அடுக்களைகள் – 9: இருவகைச் சூட்டில் வேகும் கீஷ்

பிரான்சின் வடகிழக்கில் ஜெர்மன் எல்லையை ஒட்டிய லொரேன், நெடுங்காலம் தனிக் கோமகன்களின் ஆட்சியில் இருந்து, அவர்களில் கடைசியானவரும் போலந்தின் முன்னாள் மன்னருமான ஸ்தானிஸ்லாஸ் 1766இல் மறைந்தபின் பிரான்சுடன் இணைந்த பகுதியாகும். அதன் பெயர் தாங்கிய ‘கீஷ் லொரேன்’, மாவாலான ஆழமற்ற ஓட்டினுள் முட்டையும் கிரீமும் கலந்து ஊற்றி, உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சித் துண்டுகளைச் சேர்த்து ஓவனில் சுட்டெடுக்கும் காரப் பண்டம். மரபான செய்முறையில் சீஸுக்கு இடமில்லை என்பதை, அமெரிக்க வீடுகளுக்குப் பிரெஞ்சுச் சமையலைக் கொண்டுசென்ற ஜூலியா சைல்டு தம் தோழியர் இருவருடன் சேர்ந்து 1961இல் வெளியிட்ட நூலும் எடுத்துச் சொல்லிற்று. சொல்லியும் என்ன, இன்று அப்பெயரில் விற்பனையாகும் கீஷ்களில் சீஸ் சேராதது அரிது.

மாவுக்கு வேண்டிய சூடு வேறு, முட்டைக் கலவைக்கு வேண்டிய சூடு வேறு என்பதே இப்பண்டத்தின் சிக்கல். ஓடு மொறுமொறுப்பாக 200 டிகிரி செல்சியஸ் அளவில் வறண்ட அனல் தேவைப்பட, முட்டைப் புரதங்களோ பாலும் கிரீமும் கலந்த நிலையில் 80 டிகிரியை ஒட்டியே ஒன்றோடொன்று பின்னி, ஈரத்தைத் தம்முள் பிடித்துக்கொண்டு மென்மையாக உறைகின்றன. அதற்குமேல் சூடேறினால் அப்பின்னல் இறுகி நீரைக் கக்க, கலவை திரிந்துபோகிறது. ஆகவே ஓட்டை முதலில் தனியே சுட்டு, கலவையைப் பின்னர் ஊற்றித் தணிந்த சூட்டில் வேகவிடுவதே சரியான வழியாகும்.

‘பாத் பிரிசே’ எனப்படும் ஓட்டு மாவுக்கு 200 கிராம் மைதாவும், சிறு துண்டுகளாக்கிய 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயும், சிறிது உப்பும் போதும். புட்டுக்குப் பிசிறுவதுபோல் விரல்நுனிகளால் பிசிறும்போது வெண்ணெய் மாவுத்துகள்களின் மேல் படர்ந்து, மாவுக்கு இழுவைத் தன்மை தரும் குளூட்டன் என்னும் புரதவலை மிகுதியாக உருவாகாமல் தடுக்கிறது. பின்னர் மூன்று நான்கு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர் தெளித்துத் திரட்ட வேண்டுமேயன்றி, சப்பாத்தி மாவைப்போல் அடித்துப் பிசைதல் ஆகாது. பிசைந்த மாவு ஓவனில் சுருங்கி, ஓரம் சரிந்துவிடும். அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தபின் தேய்த்து, 23 செ.மீ. தட்டில் படியவைத்து, முள்கரண்டியால் அடியில் துளையிட்டு, மேலே பட்டர் பேப்பர் விரித்து, உலர்ந்த கொண்டைக்கடலையைப் பாரமாகப் பரப்பி 15 நிமிடம் சுட வேண்டும். பாரத்தை எடுத்துவிட்டு அடி வெளிறிய ஈரம் நீங்கும்வரை மேலும் சில நிமிடம் சுடுவதைப் பலர் தவிர்க்கிறார்கள். அடி நசநசத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

மூன்று முட்டை, 150 மி.லி. கிரீம், 100 மி.லி. பால், சிறிது மிளகுத்தூள், ஜாதிக்காய்த் துருவல் ஆகியவற்றை நுரை எழாமல் கலக்க வேண்டும். இறைச்சியிலேயே உப்பு உண்டாதலால் உப்பைப் பார்த்துச் சேர்ப்பது நலம். வதக்கிய இறைச்சியை ஓட்டில் பரப்பிக் கலவையை ஊற்றி 160 டிகிரியில் ஏறத்தாழ அரைமணி நேரம் வேகவிட, ஓரம் உறைந்து, தட்டை அசைத்தால் நடுப்பகுதி மட்டும் லேசாகத் தளும்பும் நிலை வரும். அதுவே எடுக்கும் பக்குவம். எஞ்சிய வேக்காட்டை உள்ளிருக்கும் சூடே முடித்துவிடும்.

இறைச்சி விலக்குவோர் காளானோ கீரையோ சேர்க்கலாம். ஆனால் காளானை நீர் வற்றும்வரை வதக்கியும், கீரையை வேகவைத்து ஒட்டப் பிழிந்தும் சேர்க்காவிடில், அவை விடும் நீரில் கலவை உறையாது. இறக்கிய கீஷைக் கால்மணி நேரம் ஆறவிட்டு வெட்டினால் துண்டுகள் குலையாமல் வரும். மறுநாள் சூடாக்க நேர்ந்தால், மைக்ரோவேவில் ஓடு நமத்துவிடுமாதலால், ஓவனிலேயே தணிந்த சூட்டில் வைப்பது நன்று.

(தொடரும்)