உங்களுக்குத் தெரியுமா? வாயால் மணல் சலிக்கும் மீன்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கடற்கரை கிடையாது. ஆனால் இரண்டு மாவட்டங்களிலும் கணிசமான நிலம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துக்குப் பக்கத்தில், மழை அரித்துப் போட்ட களிமண் மேடுகளில் நடந்தால், சுருள் சுருளான அம்மோனைட் ஓடுகளும் பென்சில் துண்டு போன்ற பெலெம்னைட்டுகளும் கல்லாகிக் கிடக்கும். இரண்டுமே கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான கடலுயிர்கள். அங்கே அலையடித்தது ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன். இன்று அதே ஊர்ப்பக்கம் ஒருவர் வீட்டுக் கூடத்தில் கடல் மீன் தொட்டி வைத்தால், கடல் ஒரு சிறு அளவில் திரும்பி வந்ததாகத்தான் நான் நினைக்கிறேன்.

*

அந்தத் தொட்டிக்குள் மணலை வாயால் அள்ளி அள்ளிச் சலிக்கும் ஒரு மீன் உண்டு. வளர்ப்பவர்கள் 'கோபி' என்பார்கள். நம் ஊர் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் கிடைக்கும் உளுவையின் சொந்தக்காரன். கோபி வகைகள் உலகில் 1,700-க்கு மேல். மணல் சலிக்கும் கூட்டத்துக்கு அறிவியல் பெயர் வலென்சியென்னியா. பிரெஞ்சு மீனியல் அறிஞர் அக்கீல் வலென்சியென் நினைவாக, டச்சுக்காரரான பீட்டர் பிளீக்கர் 1856-இல் வைத்த பெயர்.

*

அது சாப்பிடுவதை ஒரு முறை கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரம்பலூரில் நண்பர் வீட்டில் நான் அரை மணி நேரம் அப்படி உட்கார்ந்துவிட்டேன். மீன் தலையைச் சாய்த்து, வாயை மண்வெட்டி மாதிரி மணலில் செருகுகிறது. வாய் நிறைய அள்ளிக்கொண்டு இரண்டு விரற்கடை மேலே எழும்புகிறது. தாடை மென்று மென்று அசைகிறது. அப்புறம் இரண்டு பக்கச் செவுள் மூடிகளும் விரிந்து, மணல் மட்டும் பொடிப் புகை போலக் கீழே உதிர்கிறது. உள்ளே தங்குவது இரை: கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான கூனிப்பூச்சிகள், நுண்புழுக்கள், ஃபொராமினிஃபெரா என்ற ஓடுள்ள ஒரு செல் உயிர்கள். செவுள் வளைவுகளில் உள்ள முட்கள்தான் சல்லடை. பாட்டி முறத்தில் அரிசி புடைக்கும்போது கல்லும் உமியும் ஒரு பக்கம் ஒதுங்குமே, அந்த வேலையை இது வாய்க்குள்ளேயே முடித்துவிடுகிறது.

*

ஃபொராமினிஃபெராவின் ஓடு பெரும்பாலும் சுண்ணாம்பாலானது. கோடிக்கணக்கில் செத்துக் கடலடியில் படிந்தால் சுண்ணாம்புக் கல்லாகும். அரியலூர் மண்ணடுக்குகளை ஆராய்கிறவர்கள் பாறையின் வயதைக் கணிக்க இந்த நுண்ணோடுகளைத்தான் தேடுகிறார்கள். தொட்டியில் கோபி தேடுவதும் அதே இனத்தைத்தான்.

*

பலர் இந்த மீனை வாங்குவது மணலைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பதற்காக. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. புதுத் தொட்டியின் மணலில் பழுப்புப் படலம் படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி. கோபி அதைத் தின்னாது, புரட்டிப் போடும், அவ்வளவே. மணல் வெள்ளை வெளேரென்று மாறும். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் மணலில் இருந்த உயிர்களைச் சில வாரங்களில் தின்று தீர்த்துவிட்டு, வெறும் மணலையே சலித்துக்கொண்டிருக்கும். நாள் முழுக்க வாயசைப்பதால் நன்றாகச் சாப்பிடுகிறது என்று நினைத்துவிடுவோம். அது பட்டினியில் இருக்கும். தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டி, வயிறு உள்வாங்கினால் மிகவும் தாமதம் என்று பொருள். இந்த மீனைக் கடையில் விற்கும்போது இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

*

ஆகவே வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள்: கடைத் தொட்டியில் இருக்கும் கோபி, கையால் போடும் தீனியை எடுக்கிறதா என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். உறைய வைத்த மைசிஸ் இறால், ஆர்ட்டீமியா போன்றவற்றை மணல் மேல் விழும்படி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை கொடுக்க வேண்டும். தொட்டி குறைந்தது 200 லிட்டராவது இருக்கட்டும். பல மாதம் ஓடி மணலில் உயிர் பிடித்த பிறகே இந்த மீனை உள்ளே விட வேண்டும்.

*

கடைகளில் அதிகம் தென்படும் வகைக்கு லத்தீனில் 'பூயெல்லாரிஸ்' என்று பெயர். சிறுமிக்குரியது என்று பொருள். வெளிர் உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள். இன்னொன்று 'செக்ஸ்குட்டாட்டா', அதாவது ஆறு துளி: கன்னத்தில் நீலப் பொட்டுகள் இருக்கும். 1837-இல் வலென்சியென்தான் இதை முதலில் விவரித்தார். மூன்றாவது 'ஸ்ட்ரிகாட்டா': தலை மஞ்சள், கண்ணுக்குக் கீழே நீலக் கோடு.

*

அரியலூர் நிலத்தடிக் கடலைப் பற்றிய தொடக்ககால அறிவியல் எழுத்துகளில் ஒன்று, 1846-இல் லண்டனில் வெளிவந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸின் அறிக்கை. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுபோன ஓடுகளை வைத்து அவர் எழுதினார். பிறகு இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத் துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்டு பகுதியை நடந்தே அளந்து 1862-இல் விவரம் தந்தார். அதே துறையின் ஸ்டோலிச்கா இந்தக் கடலுயிர்களைப் பற்றிப் பெரும் தொகுதிகளாக எழுதினார். 1940-இல் அதே துறையின் எம். எஸ். கிருஷ்ணன் பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரத்தை உலகுக்குச் சொன்னார். நிலத்தில் நின்ற மரம் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, கடல் மணலில் புதைந்து கல்லானது. இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அது பாதுகாக்கப்படுகிறது. அரியலூருக்குப் பக்கத்து வாரணவாசியில் இந்தப் புதைபடிவங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போக நல்ல இடம். ஓடுகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவர மட்டும் வேண்டாம். இருக்கும் இடத்தில் இருந்தால்தான் அவற்றுக்கு வயது சொல்ல முடியும்.

*

தொட்டிக்கு என்ன மணல் போடுவது? எம்-சாண்ட் கூடவே கூடாது. பாறையை உடைத்த தூள். விளிம்பு கூர்மையாக இருக்கும். நாள் முழுக்க அதை வாயில் போட்டு மெல்லும் மீனின் செவுள் கிழிந்துவிடும். அராகனைட் என்ற பவளத் தூள் வகை மணல், 1 மில்லிமீட்டரைச் சுற்றிய பருமனில், 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு வேண்டும். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தானே என்று கேட்கலாம். வேதிப்பொருள் ஒன்றுதான், படிக அமைப்பு வேறு. அராகனைட் கொஞ்சம் எளிதாகக் கரைந்து தண்ணீரின் காரத்தன்மையைக் காக்கும். காலம் போகப் போக அராகனைட், கால்சைட் என்ற கெட்டியான வடிவத்துக்கு மாறிவிடும். கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் சிப்பி ஓடுகளோடு வெட்டியெடுக்கும் கல், 7 கோடி ஆண்டுப் பழையது, அது கால்சைட்.

*

தொட்டியில் பாறை அடுக்கும்போது மணல் மேல் வைக்காதீர்கள். அடிக்கண்ணாடியில் நேரே வைத்து, அதன் பிறகு மணலைக் கொட்டுங்கள். இந்த மீன் பாறைக்கு அடியில் வளை தோண்டும். மணலை நம்பி நிற்கும் பாறை ஒரு ராத்திரியில் சரியும். கண்ணாடி உடையும், அல்லது மீன் நசுங்கும்.

*

சிலர் பாறையையே வீட்டில் செய்துகொள்கிறார்கள்: சிமெண்ட், பவள மணல், பரல் உப்பு. காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து, துளைத்துளையான பாறை கிடைக்கும். ஆனால் புதுச் சிமெண்ட் தண்ணீரின் பிஎச்சை 12-க்கு மேல் தூக்கிவிடும். கடல் மீனுக்கு வேண்டியது 8.1-க்கு அருகில். வாரக்கணக்கில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் தொட்டிக்குள் வைக்க வேண்டும். 1979 முதல் தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலை இயங்கும் அரியலூரில், அந்தச் சிமெண்டுக்கான கல்லே பழைய கடலின் சிப்பியும் நுண்ணோடும்தான். கடலடி சிமெண்டாகி, மறுபடியும் உப்புத் தண்ணீருக்குள் போகிறது.

*

பவளப் பாறைத் துண்டை ராமேஸ்வரம், மண்டபம் பக்கமிருந்து எடுத்து வரலாமா? கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் 2001-இல் கல் பவளங்கள், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் சேர்க்கப்பட்டன. செத்த பவளத்தை எடுப்பதும் குற்றம்தான். காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா 1986-இல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்டது. பவளத்தைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் வெட்டியெடுத்ததில், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன.

*

சமையல் உப்பைக் கரைத்தால் கடல் நீர் ஆகாது. உப்பளத்தில் கடல் நீர் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும், பிறகு உப்பு விளையும், கடைசியில் மிஞ்சும் கைப்பு நீரில் மெக்னீசியம் தங்கிவிடும். பாத்தியிலிருந்து வாரும் உப்பில் இவை பெரும்பாலும் இல்லை. தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பில்தான் எல்லாம் அளவோடு சேர்ந்திருக்கும். ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது கணக்கு. அதை ஆர்ஓ தண்ணீரில் கரைக்க வேண்டும். பெரம்பலூர் போர் தண்ணீர் வேண்டாம்.

*

வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. குறைந்த அளவை வெறும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி மீனைக் கொன்றவர்களை எனக்குத் தெரியும், மனசாரத்தான் ஊற்றினார்கள்.

*

இந்த மீனுக்கு 25 முதல் 27 டிகிரி போதும். மே மாதத்தில் நம் ஊர் வெயில் 40-ஐத் தாண்டும். சூடான நீரில் உயிர்வளி குறைவாகக் கரையும். போதாததற்கு, அதே வெப்பத்தில் நல்ல தண்ணீரைவிடக் கடல் நீரில் ஏறத்தாழ 5-இல் ஒரு பங்கு குறைவு. கரண்ட் போனால் முதலில் திணறுவது மீன்தான். சில்லர் வாங்க முடியாதவர்கள் தண்ணீர்ப் பரப்பில் சின்ன மின்விசிறி வைக்கலாம். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். விலை அதிகமில்லை.

*

மற்ற கோபிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிவயிற்றுத் துடுப்பு இரண்டும் சேர்ந்து கிண்ணம் மாதிரி உறிஞ்சியாக இருக்கும், பாறையில் ஒட்டிக்கொள்ளும். மணல் சலிக்கும் இந்தக் கூட்டத்துக்கு இரண்டும் தனித்தனி. மணலில் கிடப்பவனுக்குப் பாறையில் ஒட்ட வேண்டிய தேவை இல்லை.

*

நெல் வயலில் மண்புழு செய்யும் வேலைதான் கடலில் இது செய்வதும். டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை, 1881-இல், மண்புழுவைப் பற்றித்தான் எழுதினார். மண்ணைப் புரட்டும் உயிர்கள் காற்றையும் நீரையும் உள்ளே கொண்டுபோகின்றன. புரட்டுவாரில்லாத மணல் அடியில் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும். பழைய கடலடியிலும் தோண்டுபவர்கள் இருந்தார்கள். கல்லாகிப்போன வளைகளின் அச்சுகள் இந்தப் பகுதிப் பாறைகளில் கிடைக்கின்றன: சுற்றியுள்ள கல் ஒரு நிறம், நடுவே விரல் பருமனில் வேறு நிறக் குழாய். தோண்டிய இறால், நண்டு இனத்தின் உடல் மிஞ்சவில்லை; தோண்டிய துளை மிஞ்சியிருக்கிறது.

*

வெள்ளாறு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வட எல்லையை ஒட்டி ஓடிப் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே பொரிக்க வைக்கும் கோமாளி மீன் வளர்ப்பை அங்கே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கடல் தொட்டி புதிதாகத் தொடங்குபவர்கள் தொட்டியில் பிறந்த கோமாளியிலிருந்து தொடங்கட்டும். கோபி பெரும்பாலும் கடலில் பிடித்ததுதான். அதைக் காப்பாற்றத் தெரிந்த பிறகு வாங்குவதே நியாயம்.

*

இவை ஜோடியாக வாழும். சில வகைகளில் ஆண் வளைக்குள் முட்டையைக் காத்திருக்க, பெண் வாயால் கல்லும் சிப்பித் துண்டும் சுமந்து வந்து வளையின் மேல் மேடு கட்டும். மேட்டுப் பக்கத்து வாயில் வழியாகவும் தாழ்ந்த வாயில் வழியாகவும் நீர் புகுந்து புறப்படுவதால் முட்டைக்கு நல்ல நீரோட்டம் கிடைக்கும். மேட்டைக் கலைத்தால் பெண் மறுபடியும் கட்டும்.

*

கடைசியாக ஒன்று. தொட்டிக்கு வலை மூடி போடுங்கள். பயந்தால் எகிறிக் குதிக்கும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். பொழுது சாய்ந்ததும் மீன் வளைக்குள் போய், வாயிலை மணலாலோ சிப்பியாலோ உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். முதல் சில நாள் எங்கேயும் காணவில்லை என்றால் பதறாதீர்கள், பாறையைக் கலைக்காதீர்கள். மறுநாள் விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால், பாறைக்கு அடியில் மணல் ஒரு பக்கம் லேசாகச் சரியும்; முதலில் இரண்டு கண் தெரியும்.