அரளி இருந்த இடம்

எங்கள் வீட்டுக் கொல்லை பத்தடிக்கு எட்டடிதான். அதைப் போய் தோட்டம் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். ஆனாலும் அதில் எனக்குக் கிடைத்த அனுபவத்தை, சின்னப் பிள்ளைகள் உள்ள சகோதரிகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30-ம் தேதி அடித்த தானே புயலை எங்கள் கடலூர் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நான் கல்யாணமாகி சேத்தியாத்தோப்புக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். எங்கள் கொல்லை முருங்கையும் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் என் மாமியார் ஒரு மஞ்சள் அரளிக் கன்று நட்டார். "ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணி ஊத்தாட்டியும் பூக்கும், சாமிக்கு தெனம் பூ ஆச்சு" என்றார். ஆடு மாடு ஏன் வாய் வைக்காது என்று நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

பிறகு குழந்தைகள் பிறந்தார்கள். பழைய எண்ணெய் டின், உடைந்த பக்கெட் எல்லாவற்றிலும் அடியில் ஓட்டை போட்டு கனகாம்பரம், அந்திமந்தாரை, டிசம்பர் பூ என்று வைத்தேன். எங்கள் ஊரில் சர்க்கரை ஆலை இருப்பதால், ஆலைக் கழிவு மண் தெரிந்தவர்கள் வயலில் கிடைக்கும். புதிதாகப் போட்டால் சூட்டில் செடி வெந்துவிடும். நன்றாக மக்கிய பிறகு செம்மண்ணோடு கலந்து போட்டால் கனகாம்பரம் கொத்துக் கொத்தாகப் பூக்கும். காய்ந்த கனகாம்பரக் காயைத் தண்ணீரில் போட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். என் பெண்ணுக்கும் பையனுக்கும் அதுதான் பட்டாசு!

போன வருடம் மே மாத லீவில் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்து சொப்பு வைத்து விளையாடினார்கள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். "அம்மா, தம்பி சட்னிய தின்னுட்டான்" என்று என் பெண் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் அரளிக் காயைக் கல்லில் நசுக்கி சட்னி, அந்திமந்தாரை விதை மிளகு! நாலு வயதுப் பையன் வாயோரம் பச்சையாக ஒட்டியிருந்தது. விழுங்கினானா, துப்பினானா, அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

என் கையும் காலும் ஓடவில்லை. உப்புத் தண்ணீரைக் கரைத்துப் புகட்டி, வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டர் அதற்குத்தான் முதலில் கோபித்துக்கொண்டார். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடுமாம், உப்பே குழந்தைக்கு ஆபத்தாகுமாம். வாயைத் துடைத்துவிட்டு, எதுவும் கொடுக்காமல் நேரே தூக்கி வர வேண்டும், அல்லது 108-க்குப் போன் செய்ய வேண்டும் என்றார். "என்ன காய்? கொண்டு வந்தீங்களா?" என்றும் கேட்டார். அதுவும் எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் திரும்பப் போய் ஒரு கொத்து ஒடித்து வந்தார்.

அரளியில் வேர், இலை, பூ, காய் எல்லாமே விஷம், கொட்டையில் ரொம்ப அதிகம். வேக வைத்தாலும் போகாதாம். வாந்தி, மயக்கம் வந்து இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால் ராத்திரி முழுக்க வைத்து, அடிக்கடி இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். நானும் மாமியாரும் ஒரு பொட்டுத் தூங்கவில்லை. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை, காலையில் அனுப்பிவிட்டார்கள்.

அரளியை எடுக்கச் சொல்லி மாமியாரிடம் எப்படிக் கேட்பது என்று நான் தயங்கினேன். வீட்டுக்கு வந்து பையனைத் தூளியில் போட்டுவிட்டுத் திரும்பினால், அவரே அரிவாளோடு கொல்லையில் நிற்கிறார். பாலும் படக்கூடாது என்று கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு வெட்டினார். "இது அடுப்புக்கும் ஆகாது" என்று வேரோடு எடுத்துப் பள்ளத்தில் போட்டு மூடச் சொன்னார். அன்றைக்கு சாமிக்குப் பூ இல்லை. இப்போது செம்பருத்தி வைக்கிறோம்.

அதன் பிறகு வீட்டைச் சுற்றி ஒரு கண்ணோட்டம் விட்டேன். வேலியோரம் ஊமத்தை, ஆமணக்கு இருந்தன. பிள்ளையாருக்குக் கண் வைக்க எடுத்து வைத்திருந்த குன்றிமணி ஒரு டப்பா நிறைய. அதைக் கடித்தால் அதுவும் விஷம்தான். நெய்வேலியில் என் நாத்தனார் வீட்டு வரவேற்பறையில் புள்ளி போட்ட பெரிய இலைச் செடி, டிஃபன்பாக்கியா, அழகுக்கு வைத்திருந்தார். அதன் இலையை மென்றால் நாக்கும் தொண்டையும் வீங்கிவிடும். சொன்னதும் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்.

அரளி இருந்த இடத்தில் கற்பூரவல்லிக் குச்சியை ஒடித்து ஊன்றினேன், ஒரு மாதத்தில் புதராகிவிட்டது. கடையில் வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிவிட்டு நட்ட தண்டும் துளிர்த்தது. தூதுவளையை மட்டும் முள் இருப்பதால் ஓரமாக வைத்தேன். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் டெங்கு கொசு முட்டையிடும் என்று வாரம் ஒரு நாள் தேய்த்துக் கழுவுகிறோம், அது என் பெண்ணின் வேலை. அந்திமந்தாரையை எடுத்துவிடலாம் என்றேன், அவள் விடவில்லை. தினமும் விதை விழுவதற்குள் பொறுக்கிவிடுகிறாள்.

பையனுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஆயாகிட்ட காட்டாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அதை ரொம்ப நன்றாகவே பிடித்துக்கொண்டான். நேற்று சுரைக்காய்க் கூட்டு வைத்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினான், "ஆயா, இது தின்னலாமா?"

— ஒரு வாசகி, சேத்தியாத்தோப்பு